நாற்பத்தேழு-ஆ கடிக்காது

கண்டக்டரம்மாவின் முப்பது வருடச் சர்வீஸில் டிக்கெட் இல்லாமல் ஏறியவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் அவளிடம் மாட்டியிருக்கிறார்கள், ஒரு நாயைத் தவிர. பத்து வருடத்துக்கு முன் மழை பெய்த ஒரு சாயங்காலம் அது பேருந்தில் ஏறி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சுருண்டு படுத்து, டெப்போ வரைக்கும் வந்து, அங்கிருந்து அவள் பின்னாலேயே வீட்டுக்கும் வந்துவிட்டது. அதனால் அதற்கு வித்தவுட் என்று பெயர். பெண் நாய். தானுண்டு, தன் தூக்கமுண்டு என்று இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிப்பாட்டித் துடைக்கும்போது, கடைசி முலைக்குப் பக்கத்தில் பட்டாணி அளவில் ஒன்று அவள் விரலில் தட்டியது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவர். பூதக்கண்ணாடியை எடுத்துவந்து வித்தவுட்டின் வயிற்றை ஒரு பக்கத்தைப் படிப்பதுபோல் மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு, "இது இங்க இருக்கக் கூடாதே" என்றார்.

தெருக்கோடி மாட்டு டாக்டரும் அதையேதான் சொன்னார். "மார்புக் கட்டிம்மா. ரெண்டு மாசத்துக்குள்ள எடுத்துடணும். விட்டா நுரையீரலுக்குப் போயிடும், அப்புறம் கையை விரிக்க வேண்டியதுதான். என்கிட்ட அதுக்கு வசதி இல்ல. ஆராய்ச்சி நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. அங்க ஆராய்ச்சியே இந்தக் கட்டியைப் பத்தித்தான்."

அதை அவர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். கண்டக்டரம்மாவும் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

நிலையத்தின் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை இருந்தது: 'நாய்களின் மார்புக் கட்டிகளில் எதிர்ப்பாற்றல் சோதனைச்சாவடிக் குறியீடுகள் – ஓர் உயர்நிலை ஆய்வுத் திட்டம்.' அவள் இரண்டு தடவை படித்தாள். நாயும் கட்டியும் புரிந்தன. நமக்கு வேண்டியது அவ்வளவுதானே என்று உள்ளே போனாள்.

கேட்டில் காவலாளி ஒரு வெள்ளைப் போர்வையை நீட்டினார். அதில் வாலுக்குத் தனியாக ஒரு உறை தைத்திருந்தது. "இதைப் போர்த்திக் கூட்டிட்டுப் போங்கம்மா. உள்ள இருக்கிறது என்னன்னு என்கிட்ட சொல்லிடாதீங்க."

"நாய்தான் தம்பி, இதுல என்ன..."

காவலாளி இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல! இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சவன் டூட்டி பார்க்கக் கூடாது. நான் லீவு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குப் போகணும்." அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போயே போய்விட்டார்.

பதிவு அறையில் ஒரு திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா இருந்தார். திரைக்குக் கீழே அவருடைய செருப்புகள் மட்டும் தெரிந்தன. அங்கிருந்து இரண்டு மஞ்சள் அட்டைகள் கயிற்றோடு வெளியே வந்தன. ஒன்றில் 47-அ, மற்றதில் 47-ஆ.

"நோயுள்ளது அ. ஒப்பீட்டுக்குக் கூட வந்தது ஆ. ரெண்டும் கழுத்துல தொங்கணும்" என்றது திரை. அ-வைப் பற்றிக் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டு, "இப்ப ஆ. வயசு?"

"எனக்கா? அம்பத்தி நாலு."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. "ஆணா, பெண்ணா?"

"பெண்ணு."

"குட்டி போட்டிருக்கா?"

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பொண்ணைக் கட்டிக் கொடுத்தாச்சு. பையன் வெளியூர்ல வேலை பார்க்கிறான்."

"இரண்டு. இரண்டும் பிரித்துக் கொடுக்கப்பட்டன" என்று சொல்லிக்கொண்டே எழுதினார் குமாஸ்தா. "கட்டி ஏதாவது?"

"எனக்கு எதுக்குக் கட்டி? அதெல்லாம் இல்ல."

"கடிக்குமா?"

"யாரு, நானா?"

"ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க."

"இல்ல" என்றாள் கண்டக்டரம்மா. அவளுக்கு அன்றைக்குக் கடிக்கலாம் என்றுதான் இருந்தது. "ஏங்க, திரையை விலக்கி ஒரு தடவை பார்த்துட்டா இவ்வளவு கேட்க வேண்டாமே?"

"பார்க்கவும் கூடாது, ஊகிக்கவும் கூடாதும்மா. குரலை வெச்சு எனக்கு என்னென்னமோ தோணுது. தோணுறதை எழுத இதுல கட்டம் இல்ல."

அடுத்த அறையில் சுவரில் ஒரு ஓட்டை. மேலே 'முன்னங்காலை உள்ளே விடவும்' என்று எழுதியிருந்தது. வித்தவுட் விட்டது, ரத்தம் எடுத்தார்கள். "அடுத்து ஆ" என்றது சுவர். கேள்வி கேட்டால் இந்த ஆளும் லீவு போட்டுவிடுவானோ என்ற பயத்தில் கண்டக்டரம்மா கையை விட்டாள். "ரோமம் ஏற்கெனவே மழிக்கப்பட்டுள்ளது" என்று யாரோ உள்ளே குறித்துக்கொண்டார்கள்.

அன்றைக்குப் பத்து மணிக்கு இயக்குநர் வந்து, போர்வை போர்த்திய பிராணிகளுக்கும் அவற்றைக் கூட்டிவந்தவர்களுக்கும் உரையாற்றினார். எல்லாச் செவ்வாய்க்கிழமையும் ஆற்றுவாராம். நல்ல ஆகிருதி, கம்பீரமான குரல். கண்ணில் ஒரு கறுப்புத் துணி கட்டியிருந்தார்.

"உலகத்தில் மற்ற ஆய்வகங்களில் என்ன செய்கிறார்கள்? கண்ணாடித் தகட்டைப் பார்க்கிற நிபுணருக்கு மட்டும், அது எந்த நாயுடையது என்பதை மறைக்கிறார்கள். ஏன்? தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். நான் கேட்டேன், நிபுணருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது என்றால், எல்லோருக்கும் தெரியாமல் இருப்பது எவ்வளவு நல்லது! அப்படிப் பிறந்ததுதான் எங்கள் அறியாமை நெறிமுறை. இன்றைக்கு நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். இந்த நிலையத்தில், கடைநிலை ஊழியரிலிருந்து இயக்குநர் வரை, யாருக்கும் எதுவும் தெரியாது. ஏதாவது தெரிந்தவர் என்று ஒருவரை நீங்கள் இங்கே காட்டிவிட்டால், அன்றே அவரை வேலையை விட்டு நீக்கிவிடுகிறேன்!"

கைதட்டினார்கள். முன்வரிசையில் போர்வைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று 'ம்மே' என்றது. இயக்குநர் தலை வணங்கி அதை ஏற்றுக்கொண்டார்.

அடுத்த செவ்வாய் வித்தவுட்டின் கட்டியிலிருந்து ஊசியால் ஒரு துணுக்கு எடுத்தார்கள். அதைச் சீவி, சாயம் ஏற்றி, இரண்டு நிபுணர்கள் தனித்தனியாகப் பார்த்து, பலகையில் சொன்ன குறி எவ்வளவு இருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து மூன்றுக்குள் ஒரு எண் போட வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் அறுவைக்குத் தேதி.

அந்த இரண்டு நிபுணர்களும் கணவன் மனைவி. ஒருவர் கருத்து மற்றவரைப் பாதித்துவிடக் கூடாது என்பதால் பதினொரு வருடமாக அவர்கள் பேசிக்கொள்வதில்லை. வீட்டிலும்தான். வித்தவுட்டின் தகட்டுக்குக் கணவர் இரண்டு போட்டார், மனைவி மூன்று போட்டார். எண் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது நிபுணர் பார்க்க வேண்டும். அந்தப் பதவி காலியாக இருந்தது. விண்ணப்பித்தவர்கள் யார், என்ன படித்தவர்கள் என்பது தேர்வுக் குழுவுக்குத் தெரியக் கூடாது என்ற விதி இருந்ததால், குழு ஆறு வருடமாகக் கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருந்தது.

பட்டாணி கோலிக்குண்டு ஆனது. கண்டக்டரம்மா ஒவ்வொரு செவ்வாயும் விடுப்பு போட்டு வந்தாள். கோலிக்குண்டு எலுமிச்சை ஆகிற அளவுக்கு வந்தபோது, மாட்டு டாக்டர் கொடுத்த கெடுவில் இரண்டு வாரம்தான் மிச்சம் இருந்தது. வித்தவுட் இப்போதெல்லாம் ஒரு பக்கமாகத்தான் படுத்தது.

அன்றைக்கு நடைபாதை பெஞ்சில் பச்சை அங்கியோடு ஒருவர் கைகளைக் கோத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். அறுவை டாக்டர்.

"சார், ஒரு எலுமிச்சம்பழம் அளவு கட்டியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை மணி" என்றார் அவர். குரலில் ஏக்கம் இருந்தது. "தேதி போட்ட கோப்பு வந்தாத்தானே நான் கத்தியைத் தொட முடியும்? இங்க சேர்ந்த பிறகு என் கை வெண்ணெய் தடவக்கூட லாயக்கில்லாமப் போயிட்டிருக்கு."

"அப்படி என்னதான் சார் அந்தக் குறி? அதைத் தெரிஞ்சுக்கிட்டாவது சாகிறேன்."

டாக்டர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உடம்புக்குள்ள காவலாளி மாதிரி அணுக்கள் சுத்திட்டே இருக்கும்மா. சந்தேகம் வந்தா நிறுத்தி விசாரிக்கும். நல்ல அணுவா இருந்தா, நான் இந்த வீட்டு ஆளுதான்னு ஒரு குறியைக் காட்டும், விட்டுடும். கட்டி இருக்கே, அது பெரிய களவாணி. அதே குறியை அதுவும் தயார் பண்ணி வெச்சுக்கிட்டு நீட்டும். காவலாளி குறியைப் பார்த்துட்டு சலாம் போட்டு விட்டுடுவான்."

கண்டக்டரம்மாவுக்கு ஒன்றரை மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கட்டிடத்தில் ஒரு விஷயம் புரிந்தது. "இதுக்கா சார் இவ்வளவு பெரிய பலகை? எங்க பஸ்ல ஒரு பெரியவர், செத்துப்போன அவரோட அண்ணன் பாஸை நாலு வருஷம் காட்டிட்டு வந்தார். தினமும் பார்த்தேன். பாஸைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்க்கல. பாஸ் சரியா இருந்தா முகத்தை யாரு சார் பார்க்கிறா?"

"அதேதான்" என்றார் டாக்டர். "நீங்க எங்க இயக்குநரைவிட நல்லா சொல்றீங்க. சத்தமா சொல்லிடாதீங்க, நீக்கிடுவாங்க."

அந்த வாரம் வீட்டுக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. வீட்டுக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு உரக்கப் படித்தார்.

"திட்ட எண் 47-அ. மூன்றாம் நிபுணர் நியமிக்கப்படும் வரை காத்திருக்கவும்." அடுத்ததைப் பிரித்தார். "திட்ட எண் 47-ஆ. இதற்குக் கட்டி இல்லை. கட்டி இல்லாததால் தகடு இல்லை. தகடு இல்லாததால் நிபுணர்களிடையே கருத்து வேறுபாடும் இல்லை. எனவே கோப்பு முழுமை பெற்றுள்ளது. ஒப்பீட்டுக்காக ஆரோக்கியமான மார்புத் திசு அகற்றப்பட வேண்டியிருப்பதால், 47-ஆவை வருகிற வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வெறும் வயிற்றோடு கூட்டிவரவும். ஐம்பத்து நான்கு வயதிலும் கடிக்காத இந்த அரிய பிராணிக்கு எந்தக் கதவிலும் தடை இருக்கக் கூடாது என்று இயக்குநர் உத்தரவு. சிவப்பு அட்டை இணைக்கப்பட்டுள்ளது."

வீட்டுக்காரர் கடிதத்தைக் கீழே வைத்தார். "எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல. ஆனா உன்னை நாய்னு எழுதி வெச்சிருக்கானுங்களே!"

"நாய்னு எங்கங்க எழுதியிருக்கு? பிராணின்னுதானே இருக்கு."

"உன் மேல கத்தி வைக்கப் போறாங்கம்மா! இப்பவே போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். கண்டக்டரம்மா அசையவில்லை. சிவப்பு அட்டையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முத்திரை இருந்தது, கையெழுத்து இருந்தது, எண் இருந்தது. படம் ஒட்டுவதற்கு இடமே இல்லை. மேசைக்கு அடியில் வித்தவுட் ஒரு பக்கமாகப் படுத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க, சட்டையைக் கழட்டுங்க" என்றாள். "நீங்க ஒண்ணும் கேட்க வேண்டாம். புதன்கிழமை ராத்திரி அவளுக்குச் சாப்பாடு வைக்காம இருந்தா போதும்."

வியாழக்கிழமை காலை வித்தவுட்டின் கழுத்தில் சிவப்பு அட்டை தொங்கியது. 47-அ என்ற மஞ்சள் அட்டையைக் கண்டக்டரம்மா தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கேட்டில் லீவு முடிந்து வந்திருந்த காவலாளி சிவப்பைப் பார்த்ததும் விறைப்பாக ஒரு சலாம் வைத்தார். பதிவு அறையில் திரைக்கு அடியில் அட்டையை நீட்டினாள், செருப்புகள் எழுந்து நின்றன. அறுவைப் பகுதியின் கதவில் இருந்த பெண் அட்டையை வாங்கிப் பார்த்து, பதிவேட்டோடு ஒப்பிட்டு, "நாற்பத்தேழு-ஆ, வாங்க வாங்க" என்று போர்வையைப் பார்த்து மரியாதையாகச் சொன்னாள். போர்வை வாலாட்டியது.

முப்பது வருடமாகத் திருட்டுப் பயணிகளைப் பிடித்தவள் கண்டக்டரம்மா. பிடிபடுகிறவர்களின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

அறுவை அறைக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு சின்னச் சன்னல் இருந்தது. அதன் வழியாகத்தான் பிராணியை உள்ளே தள்ள வேண்டும். டாக்டருக்குத் தெரிய வேண்டிய இடம் மட்டும் தெரியும்படி போர்வையில் ஒரு வட்டம் வெட்டியிருந்தார்கள். மயக்க ஊசி போட்டார்கள். வட்டத்தைச் சரிசெய்தார்கள். பிறகு கத்தியைத் திரும்பத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது.

டாக்டர் இருமினார். "இது 47-ஆதானே?"

"அட்டையைப் பாருங்க சார்" என்றாள் அவள், சன்னலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து.

"அட்டை சரியாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன சார்?"

டாக்டருக்குக் குரல் தெரிந்திருக்க வேண்டும். "ஆரோக்கியமான திசு எவ்வளவு எடுக்கணும்னு கடிதத்துல போடல. நான் கொஞ்சம் தாராளமா எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுங்க சார். ஓரத்துலகூட மிச்சம் வைக்காதீங்க."

அவர் அரை மணி என்று சொல்லியிருந்தார். முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். கண்டக்டரம்மா பெஞ்சில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய மஞ்சள் அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அறுத்தேவிட்டாள். டாக்டர் வெளியே வந்தபோது அவர் முகம் பரீட்சை எழுதி முடித்த பிள்ளையின் முகம் போல இருந்தது. "எனக்கு எதுவும் தெரியாது" என்று அவளைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. வீட்டுக்காரர் நின்றுகொண்டே படித்தார். "47-ஆவுக்கு. ஆரோக்கியமானது என்று பதிவான தங்கள் திசுவில் கட்டி இருந்ததை மிகுந்த வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்." அவர் குரல் இறங்கியது. "ஆயினும் கட்டி முழுவதுமாக அகற்றப்பட்டுவிட்டது. ஓரங்களில் எதுவும் இல்லை. வேறு எங்கும் பரவவில்லை. இரண்டு வாரத்துக்குத் தையலை நக்கவிடக் கூடாது. மாடிப்படி ஏற விடக் கூடாது. மேற்கொண்டு குட்டி போட அனுமதிக்க வேண்டாம்."

"இன்னொரு தடவை படிங்க."

"குட்டி போட..."

"அது இல்லங்க. ஓரம்."

"ஓரங்களில் எதுவும் இல்லை" என்று அவர் படித்தார். கண்டக்டரம்மா தரையில் உட்கார்ந்து, கழுத்தில் பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்த வித்தவுட்டைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வித்தவுட்டுக்கு ஒன்றும் புரியவில்லை. வளையத்துக்குள்ளிருந்தே அவள் கன்னத்தை நக்கியது. வீட்டுக்காரர் கடிதத்தின் கடைசி வரியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருப்பதாகச் சொல்லிவிட்டு, அதைப் போட பென்சில் தேடுவதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நிலையத்தில் வேறு மாதிரி முடிந்தது. அடுத்த மாதப் பரிசோதனையில், மறுபடி தன் மஞ்சள் அட்டையோடு போன 47-அவின் வயிற்றில் கட்டி இல்லை. சிகிச்சையே பெறாத நாய். கட்டியே இல்லாத 47-ஆவுக்கோ எலுமிச்சை அளவில் கட்டி. இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார்.

"சில சக ஊழியர்கள் இதில் ஏதோ தவறு நடந்திருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். சந்தேகம் என்பது பாதி அறிவு. அதை நான் அனுமதிக்க மாட்டேன். 47-ஆவின் ரத்தம் எந்த நாயின் ரத்தத்தோடும் ஒத்துப்போகவில்லை என்று பரிசோதனைக் கூடம் சொன்னது. வயது சரியா என்று பார்க்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். பார்ப்பதா! பார்க்கிறவர்கள் நிறைந்த உலகத்தில் பார்க்காமல் கண்டுபிடித்தவர்கள் நாம்! உண்மைகள் தெளிவாக இருக்கின்றன. கட்டி அ-விலிருந்து ஆ-வுக்குத் தாவியிருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். நாற்பத்தேழு என்கிற எண். நோய் எண்ணின் வழியாகப் பரவுகிறது!"

கணவன் நிபுணரும் மனைவி நிபுணரும் பதினொரு வருடத்தில் முதல் தடவையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவருக்கும் மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள். அன்றிலிருந்து அந்த நிலையத்தில் நாற்பத்தாறுக்கு அடுத்த எண் நாற்பத்தெட்டு.

சில வாரம் போயிற்று. ஒரு செவ்வாய்க்கிழமை காலை கண்டக்டரம்மாவின் பேருந்தில் ஒருவர் ஏறினார். பேக்கரிக்காரர் போல, சட்டையில் மாவு இருந்தது. மடியில் ஒரு வயதான வெள்ளை நாய். அவர் கையைப் பார்த்தால் போதும், கட்டி எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும். அந்த இடத்தை அழுத்தாமல் தாங்கியிருந்தார்.

"ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு" என்றார்.

கண்டக்டரம்மா டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்படியெல்லாம் அவள் உட்காருகிற வழக்கமே இல்லை. "அங்க திரைக்குப் பின்னால இருந்து ஒருத்தர் உங்களைப் பத்திக் கேட்பார். வயசு, குட்டி, கட்டி, எல்லாம் உள்ளது உள்ளபடி சொல்லுங்க. ஒரு பொய்யும் வேண்டாம். ஆணா பெண்ணான்னு கேட்கும்போது மட்டும் பெண்ணுன்னு சொல்லிடுங்க, அவங்களுக்குப் பெண்ணோட திசுதான் வேணும். கடிக்குமான்னு கேட்டா, கடிக்காதுன்னு சொல்லுங்க. ரெண்டு அட்டை தருவாங்க, பத்திரம். கொஞ்ச நாள்ல சிவப்புல ஒண்ணு வரும். அது வந்ததும் என்கிட்ட வாங்க. வாரத்துல ஆறு நாள் இதே பஸ்தான்."

பேக்கரிக்காரர் முழித்தார். "பொய் வேண்டாம்ங்கிறீங்க, பெண்ணுன்னு சொல்லச் சொல்றீங்க. தப்பில்லையாம்மா?"

"உங்க நாய் வயித்துல இருக்கிற கட்டி தினமும் அதைத்தானே பண்ணிட்டிருக்கு" என்றாள் அவள். "அதுக்கு மட்டும் வழி விடுவாங்களா?"

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வித்தவுட் புரண்டு படுத்தது, இப்போது எந்தப் பக்கம் வேண்டுமானாலும். அடுத்த நிறுத்தத்தில் ஒரு பெரியவர் ஏறி, தூரத்திலிருந்தே பாஸைக் காட்டினார். கண்டக்டரம்மா எழுந்து போய்ப் பாஸை வாங்கினாள். முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள், பிறகு மறுபடி முகத்தைப் பார்த்தாள். படத்தில் இருந்தது வேறு ஆள். பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவருக்கு உட்கார இடம் காட்டினாள்.